ஜோடி பிரிந்த ஒலிபெருக்கி

சில பொருள்கள் ஒற்றையாகப் பிறப்பதில்லை. அம்மிக்குக் குழவி உண்டு. பூட்டுக்குச் சாவி உண்டு. குழவியில்லாத அம்மியைப் பார்த்து, "இது அரைக்கத் தெரியாத கல்" என்று யாரும் பழிப்பதில்லை. குழவி எங்கே என்றுதான் கேட்பார்கள். ஆனால் துணையை இழந்தது வெளியே தெரியாமல், முழுப் பொருளைப் போலவே நின்றுகொண்டு, அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளும் பொருள்களும் உலகத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறேன். அது ஓர் ஒலிபெருக்கி. நான் விஞ்ஞானி அல்ல, கதை எழுதுகிறவன். இதிலும் ஒரு கதை இருப்பதால்தான் துணிந்தேன்.

1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு ஜோடி ஒலிபெருக்கிகள் விற்பனைக்கு வந்தன. பெயர் 'போஸ் 901'. ஒவ்வொன்றும் சுமார் 21 அங்குல அகலமுள்ள மரப் பெட்டி. உள்ளே ஒரே மாதிரியான ஒன்பது சிறு கூம்புகள். ஒவ்வொன்றும் சுமார் 4 அங்குலம். இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்பவரை நோக்கி இருப்பது ஒரே ஒரு கூம்புதான். மற்ற எட்டும் பின்புறத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாடகர் ரசிகர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு பாடுகிற மாதிரி! ஒலி சுவரில் மோதித் திரும்பிக் கேட்பவரிடம் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்த இரண்டு பெட்டிகளோடு மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. அதில் ஒலி எதுவும் வராது. ஆம்பிளிபையருக்கு முன்னால் அதைக் கம்பியால் இணைத்துவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். அதற்கு 'ஈக்வலைஸர்' என்று பெயர். சமன்செய்யும் பெட்டி என்று நாம் சொல்லலாம். நம் கதாநாயகி அவள்தான். கதாநாயகிகளுக்கு நேர்கிறபடியே அவளும் பின்னால் தொலைந்து போகிறாள். அதற்கு முன் இந்தக் குடும்பத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நோனி கோபால் போஸ் என்ற வங்காளி இளைஞர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டவர். கல்கத்தாவில் இருக்க முடியாமல் 1920-ல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார். அங்கே ஓர் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். 1929-ல் பிலடெல்பியாவில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் அமர் போஸ். தகப்பனார் இந்தியாவிலிருந்து சாமான்கள் தருவித்து வியாபாரம் செய்து வந்தார். இரண்டாவது உலக யுத்தம் வந்ததும் கப்பல் போக்குவரத்துத் தடைப்பட்டது, வியாபாரம் படுத்தது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன் ரேடியோக்களைப் பழுதுபார்த்துக் குடும்பத்துக்கு உதவினான். தேசபக்தி தகப்பனாரைக் கடல் கடத்தியது. ரேடியோ மகனைக் கரை சேர்த்தது.

அமர் போஸ் பிறகு மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். நார்பர்ட் வீனர், ஒய். டபிள்யூ. லீ போன்ற பெரியவர்களிடம் பயின்று 1956-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெறும் தறுவாயில் தமக்கே ஒரு பரிசாக நல்ல ஒலிக்கருவி ஒன்றை வாங்கினார். காகிதத்தில் அச்சிட்டிருந்த அளவுகள் எல்லாம் பிரமாதம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டால் பிடிக்கவில்லை. சிறு வயதில் வயலின் பயின்றவர் அவர். வயலின் எப்படி ஒலிக்கும் என்று காதுக்குத் தெரியும். அளவுகள் சரியாக இருக்கின்றன, சங்கீதம் சரியாக இல்லை, இது ஏன்? இந்தக் கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

கச்சேரி மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு வாத்தியத்திலிருந்து நேரே வரும் ஒலி கொஞ்சந்தான். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவதே மிகுதி. ஒலிபெருக்கி செய்கிறவர்கள் எல்லாரும் இதை மறந்து, ஒலியை நேரே முகத்தில் எறிகிறார்கள் என்று போஸ் முடிவுகட்டினார். 1964-ல் ஒரு கம்பெனியை நிறுவினார். 1966-ல் வெளியான அதன் முதல் ஒலிபெருக்கியான '2201', ஓர் உருண்டையை எட்டாக வெட்டியதில் ஒரு துண்டு போன்ற வடிவம் உடையது. அறை மூலையில் வைக்க வேண்டும், 22 கூம்புகள். அது விலைபோகவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்ததுதான் 901. ஒன்பதில் ஒரு பங்கு நேரே, எட்டுப் பங்கு சுவர் வழியே. அதாவது 11 சதவிகிதம் நேர் ஒலி, 89 சதவிகிதம் திரும்பிய ஒலி என்பது அவருடைய கணக்கு.

இனிமேல்தான் சின்னப் பெட்டியின் முக்கியத்துவம் தெரியும். கொஞ்சம் பௌதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

கீழ் ஸ்தாயி ஒலியைச் சிறிய பெட்டியில் உண்டாக்குவது கஷ்டம். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங்கு போலக் கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. இதற்கு எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். கனமான பெரிய கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, அந்தக் காற்று ஸ்பிரிங்கையே துணையாக ஏற்றுக்கொண்டு, சிறு பெட்டியிலிருந்தே ஆழமான நாதத்தை வரவழைத்தார். போஸ் அந்த வழியில் போகவில்லை. சிறு கூம்புகள் ஒன்பதைச் சிறு பெட்டியில் அடைத்தால், வினாடிக்குச் சுமார் 200 அதிர்வுகளுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்கும். சரியட்டும் என்று விட்டுவிட்டார்! சரிவு ஒழுங்காக, கணக்குப்படி இருந்தால் போதும்; எவ்வளவு சரிகிறதோ அவ்வளவு முன்கூட்டியே தூக்கிக் கொடுத்துவிடலாம் அல்லவா? அந்தத் தூக்கிக் கொடுக்கும் வேலைதான் சமன்செய்யும் பெட்டியுடையது.

ஒரே மாதிரியான ஒன்பது கூம்புகளை அவர் தேர்ந்ததற்கும் இது ஒரு காரணம். தனித்தனிக் கூம்புக்குத் தனித்தனிக் குறும்பு இருக்கும். ஒன்பதையும் சேர்த்துக் கேட்டால் குறும்புகள் ஒன்றோடொன்று கலந்து அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவான சுபாவம் மட்டும் மிஞ்சும். பொதுவான சுபாவத்தைத் திருத்த ஒரே பெட்டி போதும்.

சரிவு எவ்வளவு என்றால், அதிர்வு பாதியாகக் குறையும் ஒவ்வொரு தடவையும் 12 டெசிபல். அதாவது 200 அதிர்வில் ஒரு ரூபாய் ஒலித்தால், 100 அதிர்வில் ஓரணாதான் ஒலிக்கும். 50 அதிர்வில் அந்த ஓரணாவிலும் பதினாறில் ஒரு பங்கு. மேல் ஸ்தாயியிலும் இந்தக் கதைதான். சிறு கூம்பானாலும் 4 அங்குலத்தால் மிக நுண்ணிய அதிர்வுகளைத் தாராளமாகக் கொடுக்க முடியாது. அங்கேயும் ஒலி இறங்குகிறது. ஆகவே சின்னப் பெட்டி கீழேயும் தூக்கிக் கொடுக்கிறது. மேலேயும் தூக்கிக் கொடுக்கிறது. அதற்கு ஏராளமான மின்சக்தி வேண்டும். டிரான்ஸிஸ்டர் ஆம்பிளிபையர்கள் பலம் பெற்றுவந்த காலம் அது. இந்த யோசனை பலிப்பதற்கு அதுவும் ஓர் அனுகூலம்.

இது என்ன குறுக்கு வழி, குறையுள்ள பொருளைச் செய்துவிட்டுக் குறையைப் பூசி மெழுகுவதா என்று சிலர் கேட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டு கிராமபோன் ரிக்கார்டிலேயே இந்தத் தந்திரம் இருந்தது. ரிக்கார்டில் கீழ் ஸ்தாயியை உள்ளபடியே வெட்டினால் ஊசி பெரிதாக ஆடி, பக்கத்துக் கோட்டில் போய் விழும். மேல் ஸ்தாயியை உள்ளபடியே வெட்டினால் தட்டின் இரைச்சலில் அது அமுங்கிவிடும். அதனால் கீழைக் குறைத்தும் மேலைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். கேட்கும்போது கருவி அதை நேர்மாறாக்கிச் சரிசெய்கிறது. 1954-ல் அமெரிக்க ரிக்கார்டுத் தொழில் சங்கம் இதற்கு ஒரு பொது அளவை வகுத்தது. அதன்படி வினாடிக்கு 20 அதிர்வில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தும், 20,000 அதிர்வில் ஏறக்குறையப் பத்து மடங்காகக் கூட்டியும் வெட்டுவார்கள்.

அதற்கு முன் கம்பெனிக்கு ஓர் அளவு. எந்தக் கம்பெனி எவ்வளவு குறைத்தது என்று தெரியாமல் பழைய 78 சுற்று ரிக்கார்டுகளைப் போட்டால் விபரீதம்தான். நம் சங்கீதத்துக்கும் இந்த விபரீதம் நேர்ந்திருக்கிறது. 1925-க்குப் பிறகு மின்சார முறையில் பதிவான கர்நாடக இசைத் தட்டுகளில் கீழ் ஸ்தாயியைக் குறைத்தே வெட்டியிருக்கிறார்கள். குறைத்ததைத் திருப்பித் தராமல் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்து வித்துவான்களுக்கு மூக்கால் பாடுவதே வழக்கம், மிருதங்கத்தில் தொப்பிக்கு நாதமே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. குற்றம் வித்துவானுடையதும் அல்ல, தட்டுடையதும் அல்ல. பாதியை முழுமை என்று எண்ணிக் கேட்டதன் பலன்.

901 பெட்டிக்கு வருவோம். துணையோடு வாழ்ந்த காலத்திலேயே அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1970 மே மாதத்தில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பத்திரிகை அதைச் சோதித்து எழுதிற்று. வயலின் பத்தடி அகலமாகக் கேட்கிறது, பியானோ சுவருக்குச் சுவர் நீள்கிறது, வாத்தியங்கள் அறையைச் சுற்றி அலைகின்றன என்பது அதன் அபிப்பிராயம். போஸ் கம்பெனி 1971-ல் வழக்குப் போட்டது. சோதித்த என்ஜினீயர் உண்மையில் கேட்டது ஒலி இரண்டு பெட்டிகளுக்கும் இடையே சுவரோரமாக அசைந்ததைத்தான். அறையைச் சுற்றி அலைந்ததை அல்ல என்று விசாரணையில் தெரிந்தது. 'சுவரோரமாக' என்பதற்கும் 'அறையைச் சுற்றி' என்பதற்கும் உள்ள வித்தியாசம் கோர்ட்டுக் கோர்ட்டாக ஏறிற்று. கீழ்க்கோர்ட்டில் ஜெயம், அப்பீலில் தோல்வி. கடைசியாக 1984 ஏப்ரல் 30-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூன்று பேர் மறுபக்கமுமாக, பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறியது. எழுதியது துல்லியமாக இல்லாமல் இருக்கலாம். வேண்டுமென்றே எழுதிய பொய் என்று நிரூபணமாகவில்லை என்பது முடிவு. பத்திரிகைச் சுதந்தரம் பற்றி அமெரிக்காவில் மேற்கோள் காட்டும் வழக்குகளில் அது ஒன்றாகிவிட்டது. சொல்லை வைத்துப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஓர் ஆறுதல், ஓர் எச்சரிக்கையுங்கூட.

முழுசாக இருந்தபோதே ஒரு வார்த்தைக்காகப் பதின்மூன்று வருஷம் போராடிய ஒலிபெருக்கி, துணையை இழந்தபின் எத்தனை வசை கேட்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள். 901 பல வரிசைகளாக 2016 வரையில் தயாராகி வந்தது. அத்தனை நீண்ட காலத்தில் வாங்கியவர்கள் கிழவர்களானார்கள், பலர் காலமானார்கள். அமெரிக்காவில் பெரியவர் ஒருவர் இறந்துபோனால் பிள்ளைகள் வீட்டுச் சாமான்களை வீட்டிலேயே பரப்பி வைத்து விற்றுவிடுவது வழக்கம். ஒலிபெருக்கிகள் கண்ணுக்குத் தெரிகிற சாமான், விலைபோகும். ஆம்பிளிபையருக்குப் பின்னால் கம்பிகளுக்கு நடுவே தூசி படிந்து கிடக்கும் சின்னப் பெட்டியை யார் கவனிப்பார்கள்?

நியூ ஜெர்ஸியில் என் தமக்கை மகன் இப்படித்தான் ஒரு ஜோடி வாங்கி வந்தான். நான்காம் வரிசைப் பெட்டிகள். நான் அங்கே தங்கியிருந்த சமயம். ஒரு கச்சேரியை வைத்தான். பாடகரின் குரல் வந்தது. ஆனால் யாரோ பித்தளைக் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுகிற மாதிரி வந்தது. மிருதங்கத்தில் வலந்தலை 'டக் டக்' என்று கேட்டது. தொப்பி போன இடம் தெரியவில்லை. தம்பூராவின் கார்வையும் இல்லை.

"இதற்குப் போயா மாமா இந்த ஊரே மயங்கிக் கிடந்தது?" என்றான் அவன். "டெலிபோனிலே கச்சேரி கேட்கிற மாதிரி இருக்கிறதே! திருப்பி விற்றுவிடப் போகிறேன்."

"அவசரப்படாதேடா. மயங்கினவர்கள் எல்லாருமா செவிடர்கள்?" என்றேன் நான்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் பாட்டைக் கேட்கவில்லை, பெட்டிகளின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "மூன்றாவது பெட்டி எங்கே?" என்றுதான் கேட்டார். விற்றவர்களுக்கு என் மருமகன் டெலிபோன் செய்தான். காலமானவரின் மகள்தான் பேசினாள். கறுப்பாக ஒரு பெட்டி இருந்தது என்றும், எதற்கென்று தெரியாததால் பழைய டெலிவிஷன் கம்பிகளோடு சேர்த்து எறிந்துவிட்டதாகவும் வருத்தத்தோடு சொன்னாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? தகப்பனார் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தால் அவள் எறிந்திருக்க மாட்டாள்.

ஆம்பிளிபையரில் உள்ள திருகுகளைத் திருப்பிக் கீழ் ஸ்தாயியை ஏற்றிக்கொண்டால் போதாதா என்று மருமகன் கேட்டான். போதாது. அந்தத் திருகு ஏதோ ஓரிடத்தைச் சுற்றிப் பொதுவாகத் தூக்கும். சுமார் பத்து டெசிபலோடு அதன் சக்தி முடிந்துவிடும். இங்கே வேண்டியதோ, இந்தப் பெட்டி எங்கே எவ்வளவு சரிகிறதோ அங்கே அவ்வளவு என்ற பொருத்தம். பத்துப் பன்னிரண்டு நெம்புகோல்கள் உள்ள பொதுவான ஈக்வலைஸரைக் கொண்டு ஓரளவு கிட்டத்தில் வரலாம், அவ்வளவுதான்.

சரி, இன்னொரு 901-இன் பெட்டியை வாங்கிப் பொருத்தலாமே என்றால், அதிலும் ஆபத்து உண்டு. முதல் இரண்டு வரிசைகளும் முற்றும் மூடிய பெட்டிகள். 1976-ல் வந்த மூன்றாம் வரிசையிலிருந்து காற்றுக் குழாய் வைத்த பெட்டிகள். குழாய் உள்ள பெட்டியில் ஓர் எல்லைக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. மிகத் தாழ்ந்த அதிர்வைத் தூக்கிக் கொடுத்தால் கடிவாளமில்லாத குதிரை போலக் கூம்பு குதித்து உடைந்துபோகும். ஆகையால் பிந்தைய சமன்செய்யும் பெட்டிகள் தூக்க வேண்டியதைத் தூக்குவதோடு, மிகக் கீழே உள்ளதை வெட்டியும் விடுகின்றன. முந்தைய வரிசையின் பெட்டியைப் பிந்தைய வரிசைக்குக் கட்டிவைத்தால் பொருந்தா மணம், சேதம் கூம்புக்குத்தான். நேர்மாறாக, சின்னப் பெட்டி மட்டும் கிடைத்து, வேறு ஏதோ ஒலிபெருக்கியோடு அதை இணைத்தவர்களும் உண்டு. அங்கே தொப்பி மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்; பாடகர் இருமினால்கூட இடி இடிக்கும்.

இன்னொரு சங்கடம்: அசல் பெட்டியே கிடைத்தாலும் அதை மாட்டுவதற்கு இடம் வேண்டும். ஆம்பிளிபையருக்குப் பின்னால், ஒலிபெருக்கிக்கு முன்னால் அதை மாட்டக் கூடாது. பழைய ஆம்பிளிபையர்களில் 'டேப் மானிட்டர்' என்று ஒரு வாசல் இருந்தது. ஒலியை வெளியே அனுப்பி, திருத்தி, மறுபடி உள்ளே வாங்கிக்கொள்ள அது வசதி. டேப் கருவிகள் போன பிறகு புதிய ஆம்பிளிபையர்கள் பலவற்றில் அந்த வாசலை அடைத்துவிட்டார்கள். துணையும் இருந்து, சேர்ந்து வாழ வீடு இல்லாத நிலை!

என்ஜினீயர் வேறு வழி சொன்னார். முதலில் துணி மூடியைக் கழற்றி, கூம்புகளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் வரிசை முதல் அந்த ஓரங்கள் நுரை ரப்பர். வயதானால் பொடியாக உதிரும். பதினெட்டில் ஐந்து உதிர்ந்திருந்தன. அவற்றுக்குப் புதிய ஓரம் ஒட்டியபின், கம்ப்யூட்டரில் பாட்டு ஆம்பிளிபையருக்குப் போகுமுன்பே அதைத் திருத்தும்படி அமைத்தார். கேட்கும் இடத்தில் ஒரு மைக்கை வைத்து அளந்து, சிறிது சிறிதாகக் கீழைத் தூக்கினார், மேலைத் தூக்கினார், மிகக் கீழானதை அடியோடு வெட்டினார். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைக்கச் சொன்னார். சுவர் இல்லாவிட்டால் எட்டுக் கூம்புகள் யாரிடம் பாடும்?

பிறகு அதே கச்சேரியை வைத்தான். தம்பூரா அறை முழுவதும் பரவி நின்றது. தனி ஆவர்த்தனத்தில் தொப்பி 'கும்' என்று விழுந்தபோது என் மருமகன் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான். வாத்தியங்கள் இருக்க வேண்டியதைவிடச் சற்று அகலமாகத்தான் கேட்டன. அந்தப் பத்திரிகை சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் அது இந்த ஒலிபெருக்கியின் சொந்தக் குணம். அதை மெச்சலாம், பழிக்கலாம். வாதத்துக்கு இடம் உண்டு. முன்பு கேட்டோமே, அது அதன் குணமே அல்ல. துணை இல்லாததன் புலம்பல்.

போஸ் ஒருவர்தான் இப்படிச் செய்தார் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-லேயே, ஒலிபெருக்கிப் பெட்டியையும் அதற்கு முன்னால் வைக்கும் மின்சாரத் திருத்தத்தையும் ஒரே கணக்காகப் போடும் முறையை எழுதிக் காட்டினார். அந்த வழியில் 1970-களில் வேறு கம்பெனிகளும் தனிப் பெட்டியோடு ஒலிபெருக்கிகளை விற்றன. இன்று கையடக்கமான ஒலிப்பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் பேசுகின்றன. சிறு கூம்பு, அதன் குறையை அறிந்த திருத்தம், இரண்டும் ஒரே கூட்டுக்குள். அமர் போஸ் 2013-ல் காலமானார். பிரிய முடியாதபடி சேர்த்துவைத்தார்களே, அந்த ஒன்றைத் தவிர அவருடைய யோசனைக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய சாமான்களை வைத்திருப்பவர்களுக்கு என் விண்ணப்பம் சிறியது. எந்தப் பெட்டிக்கு எந்தப் பெட்டி ஜோடி என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பின்புறம் ஒட்டிவையுங்கள். பெயர் எழுத வேண்டாம். வரிசை எண் போதும். நமக்குப் பிறகு சாமான்களைப் பிரிக்கப் போகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, தெரியாதவர்கள். வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய ஒலிபெருக்கியைக் காதால் கேட்பதற்கு முன், அதற்குத் துணை உண்டா என்று வாயால் கேளுங்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது நம்முடைய அதிர்ஷ்டம்.